பலகையில் ஒரு பெயர்

டிசம்பர் மாதத்து இளவெயில் பல்கலைக்கழக முற்றத்துப் புளியமர இலைகளில் சலித்து இறங்குகிறது. கலைவிழாப் பலகையின் முன்னால் தெய்வயானை தூரிகையோடு நிற்கிறாள். ஓவியக் கண்காட்சி, நாடகம், கடைசி வரியில் வயலின். வயலின் வாசிக்கவிருந்த ராஜுவை மழைக்காலத்தில் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள்; குச்சி ஊர்ப் பக்கம் நடந்த சண்டையில் அவன் செத்துப்போனான் என்ற செய்தி போன வாரம் வந்தது. அவன் பெயரை வெள்ளை பூசி மறைத்து, வேறொரு மாணவனின் பெயரை நீலத்தில் இப்போதுதான் எழுதி முடித்திருக்கிறாள். பின்னால் யாரோ செருமுகிறார்கள். ராஜுவின் அப்பா, கடல் கடந்து வந்து இந்த நாட்டுச் சந்தையில் துணிக்கடை வைத்திருக்கும் காரைக்கால்காரர் கரியமாணிக்கம்.

“இந்த ஊரு எழுத்து எனக்குத் தெரியாதும்மா. பலகையில எம் மவன் பேரு இருக்குன்னு அவன் அம்மா சொன்னா. எதும்மா அது?”

தெய்வயானை விரலை நீட்டிக் கடைசி வரியைக் காட்டுகிறாள்.

“இதுதாங்கய்யா.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிகிறார். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஈரத்தின்மேல் விரல் மெதுவாகப் போகிறது. நீலம் கலைந்து விரலில் ஒட்டுகிறது. எங்கோ ஓர் அறையில் நாடக ஒத்திகையின் சிரிப்பு கேட்கிறது.

“அழகா எழுதியிருக்கம்மா” என்கிறார்.