பரஸ்தானம் வைத்த பை

“அந்தக் கம்பளியை வெளியில எடுத்தா போறும். பை மூடிண்டுடும்.”

“கம்பளி இல்லேன்னா வாஞ்சியண்ணா அங்க விறைச்சுப் போயிடுவா. உன் ஊறுகாய்ப் பரணியை எடு.”

கம்பளியை எடுக்கச் சொன்னது அம்மா. பரணியை எடுக்கச் சொன்னது அக்கா காமாக்ஷி. இருவருக்கும் நடுவே, விருந்துச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்க முடியாதவனைப் போல உட்கார்ந்திருந்தது அந்த முதுகுப்பை.

பை எதிர்வீட்டு வாஞ்சிநாதனுடையது. ஷில்லாங் பக்கம் மலைகளை அளக்கிற வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. கூடாரம் மாற்றிக்கொண்டே போக வேண்டும், இரண்டு வருஷத்துக்கு லீவு கிடையாது, பெட்டி படுக்கை கூடாது, முதுகில் சுமக்கிற அளவுதான் என்று எழுதியிருந்தார்கள். ஊர் திரும்பக் காசில்லாத ஒரு வெள்ளைக்காரன் கோட்டைக்கொச்சியில் விற்றுவிட்டுப் போன பை. அதைத் திறந்தால் வரும் ஈர மண்ணும் சிகரெட்டும் கலந்த வாசனையை, அந்த எழுபத்தேழாம் வருஷத்துக்குப் பிறகு நான் வேறெங்கும் முகர்ந்ததில்லை.

வண்டி செவ்வாய்க்கிழமை. செவ்வாய் வடக்கே சூலம். அதனால் ஞாயிற்றுக்கிழமையே நல்ல நேரம் பார்த்து, வாஞ்சியின் அம்மா கமலாக்ஷி மாமி பையைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் பரஸ்தானம் வைத்துவிட்டாள். பை வேறு வீட்டுக்குப் போய்விட்டால் பயணம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அது சொந்த வீட்டு வாசற்படியைத் திரும்ப மிதிக்கக் கூடாது.

நல்ல நேரம் முடிவதற்குள் பாதிதான் அடைக்க முடிந்தது. மீதியை எங்கள் கூடத்தில்தான் அடைக்க வேண்டும். திங்கட்கிழமை முழுக்க மாமி தெருவைக் கடந்து கடந்து வந்தாள். பருப்புப்பொடி, கொண்டாட்ட வற்றல், சந்தியாவந்தனத்துக்குப் பஞ்சபாத்திரம். எல்லாவற்றையும் அம்மா திணிப்பாள். அம்மா அடுக்களைக்குப் போனதும் அக்கா வெளியே எடுப்பாள். வாஞ்சியோ, சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளப் பள்ளுருத்திக்குப் போயிருந்தான்.

பை ஏன் மூடவில்லை என்பது எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும்.

அடியில், அவனுடைய சட்டைகளுக்குக் கீழே, அக்காவின் புடவைகள் இருந்தன.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே கோத்திரம். முறைக்கு அவன் அண்ணா. கல்யாணம் என்ற பேச்சே எழ முடியாது. அதனால்தான் அவன் வந்துபோவதையும் யாரும் கவனிக்கவில்லை, அவன் பையை அக்கா அடைப்பதையும் யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலை, எர்ணாகுளத்தில் டைப்ரைட்டிங் பரீட்சை என்று சொல்லிவிட்டு அக்கா போட் ஏறுவாள். கையில் குடை மட்டும் இருக்கும். வழியில் டெர்மினஸ் ஜெட்டியில் இறங்கி ரயிலடிக்கு நடந்துவிடுவாள்.

என்னென்ன எடுத்துக்கொள்வது என்று அக்கா என்னைத்தான் கேட்டாள். குளிர் தேசங்களைப் பற்றி எங்கள் வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். வாசகசாலையிலிருந்து நான் கொண்டுவரும் மொழிபெயர்ப்பு நாவல்களில், பெண்கள் சின்னத் தோல்பெட்டி ஒன்றோடு விடியற்காலையில் வண்டி ஏறிவிடுவார்கள். பெட்டிக்குள் என்ன இருந்தது என்று ஒருவரும் எழுதியிருக்கவில்லை. கையுறை வேண்டும் என்றேன். மட்டாஞ்சேரியில் கையுறைக்கு எங்கே போவது? அப்பாவின் பழைய காலுறைகளை அக்கா சுருட்டி வைத்துக்கொண்டாள்.

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. எல்லாவற்றையும் கொட்டி முதலிலிருந்து அடுக்கினால்தான் ஆகும் என்று பையைத் தன் பக்கம் இழுத்தாள்.

அக்கா வாரைப் பிடித்துக்கொண்டாள்.

“விடுடி. பை அவனோடதா, உன்னோடதா?”

அக்கா விட்டுவிட்டாள்.

ஜன்னல் வழியே கிடங்குகளின் சுக்கு வாசனை வந்துகொண்டிருந்தது. அம்மாவின் கை பைக்குள் போயிற்று. கம்பளியைத் தாண்டி, சட்டைகளைத் தாண்டி, முழங்கை வரை போயிற்று. அங்கே நின்றது. அவள் விரல்கள் எதையோ தடவிப் பார்ப்பது பையின் துணிக்கு வெளியே தெரிந்தது.

அப்பா மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா ஒரு குரல் கொடுத்தால் போதும். அக்கா நாளைக்கு எந்தப் போட்டிலும் ஏற முடியாது. அதற்குப் பிறகும் முடியாது.

அம்மா கையை வெளியே எடுத்தாள்.

ஊறுகாய்ப் பரணியைத் தூக்கி ஓரமாக வைத்தாள். மாமியின் பஞ்சபாத்திரத்தையும் வைத்தாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது அம்மாவின் கையில் மடித்த வெள்ளைத் துணிகள்.

அக்காவின் உள்பாவாடைகள்.

புடவைகளைப் பார்த்துப் பார்த்து எடுத்துவைத்த எங்களுக்கு அது தோன்றவேயில்லை.

அம்மா அவற்றைச் சுருட்டிச் சட்டைகளின் இடுக்கில் செருகினாள். கம்பளியை மேலே விரித்தாள். என்னைப் பையின்மேல் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். முழங்காலை முட்டுக்கொடுத்து வாரை இழுத்து மாட்டினாள்.

பை மூடிக்கொண்டது.

தெருவில் மாமியின் செருப்புச் சத்தம் கேட்டது. இன்னும் எதையோ எடுத்துக்கொண்டு வருகிறாள்.

அக்கா சுவரோடு ஒட்டி நின்றாள். அம்மா அவளிடம் போகவில்லை. வாரிலிருந்து கையையும் எடுக்கவில்லை. மாடிக்குக் கேட்காத குரலில், பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நாளைக்கு அப்பா நிப்பார், உனக்குச் சொல்ல ஒக்காது. இப்பவே எங்கிட்ட சொல்லிடு, காமு. போயிட்டு வரேன்னு சொல்லு.”