எடைக்கு எடை

"படகு மூக்கைத் தூக்குது தம்பி. பின்பக்கம் அமுங்கி, வேகமே வரலை. அடிப்பாகத்தைப் பின்னால ரெண்டடி நீட்டிக் குடு," என்றார் அக்கரையிலிருந்து வந்த படகுக்காரர்.

பட்டறைக்காரன் சிரித்தான். "பெரிய இன்ஜின் மாட்டினப்பவே நீட்டணும்னு தலைகீழா நின்னேன். 'எதுக்கு வெட்டிச் செலவு? என் வீட்டுக்காரி முன்னால உக்காந்தா மூக்கு தானா இறங்கிடும்'னு என் வாயை அடைச்சீங்க!"

"இப்ப நீட்டணும்."

"அண்ணிகூடச் சண்டையா? சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வாங்க, செலவு மிச்சம்."

"வேலையைப் பாருடா."

வாசலுக்கு வந்த வேலையை எந்த வியாபாரியும் தட்டிக்கழிக்கமாட்டான். இவன் பழகிய தோஷத்துக்குத் தட்டிக்கழித்தான்.

"அண்ணி கோபம் ஆறுற வரைக்கும், அவங்க எடைக்கு ஒரு மணல் மூட்டையை முன்னால வைங்க. படகுக்கு வித்தியாசமே தெரியாது."

"வச்சுப் பார்த்தேன். நேராத்தான் போகுது."

"அப்புறம் என்னண்ணே?"

அவர் காலியாக இருந்த முன் இருக்கையைத் துண்டால் துடைத்தார்.

"அவ போய்ச் சேர்ந்து ஒரு மாசம் ஆச்சுடா. நான் எவ்வளவு வேகமாப் போனாலும், 'மெதுவாப் போங்க'ன்னு அந்த மூட்டை திரும்பிப் பார்த்துத் திட்ட மாட்டேங்குது."