இடைவேளை

அப்பா ஞாயிறுதோறும் கல்லூரி மைதானத்தின் ஓரத்தில் நின்று கால்பந்து ஆட்டம் பார்த்தபடியே, வெளிநாட்டில் இருக்கும் மகன் ஆன்றோவைப் போனில் அழைப்பார். ஆட்டம் நடக்கும்போது ஆட்டம் மட்டும்தான். வீட்டுச் செய்தியெல்லாம் இடைவேளையில். பெரியப்பா இறந்ததைக்கூட இடைவேளை விசிலுக்குப் பிறகுதான் சொன்னார்.

இன்று ஒரு மணி நேரமாகியும் இடைவேளை வரவில்லை.

"நம்ம பதினொண்ணாம் நம்பர் பந்தை எடுத்துட்டுப் போறான் மக்ளே. அடிச்சான். கம்பத்துல பட்டுட்டு."

"இன்னுமா முதல் பாதி?"

"ரெஃப்ரி விசில் அடிக்கல்ல."

"அம்மா எங்கப்பா? காலையிலருந்து போனை எடுக்கல்லயே."

"கார்னர் கிக்கு மக்ளே. எல்லாரும் கோலுக்கு முன்னால நிக்கானுவ."

ஆன்றோ உற்றுக் கேட்டான். பந்தை உதைக்கும் சத்தம் இல்லை, பையன்களின் கூச்சல் இல்லை. அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளை யாரோ ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடும் சத்தம் மட்டும் வந்தது. அந்த மைதானத்தில் எல்லோரும் நின்றுதான் பார்ப்பார்கள்.

"யாருப்பா நாற்காலி போடுறது?"

அப்பாவுக்கு மூச்சு வாங்கியது, இவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டிருந்தவரைப் போல.

"இன்னும் கார்னர் அடிக்கல்ல மக்ளே," என்றார். "போனை வச்சிராத."