தமிழ்நிலாவுக்குப் படையல்

தமிழ்நிலாவின் படத்துக்குப் போட்டிருந்த சம்பங்கி மாலை இன்னும் வாடவில்லை. அதைப் பார்த்ததும் செம்மொழி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உள்ள வாம்மா" என்றார் நிலாவின் அப்பா இராஜாங்கம். போன மாதம் இதே வாசலில், "என் பொண்ணைக் கெடுத்தவளே, இங்க கால வச்சே வெட்டிப் போட்ருவேன்" என்று மண்வெட்டியைத் தூக்கிய மனிதர்தான். இன்றைக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறார். மகளைப் பறிகொடுத்தவருக்குக் கோபம் எங்கே மிஞ்சும் என்று நினைத்துக்கொண்டாள் கூட வந்த குந்தவை.

குந்தவைக்குத் தஞ்சாவூரில் 'துணைநிழல்' அமைப்பில் வேலை. பெண்ணை நேசிக்கிற பெண், ஆணை நேசிக்கிற ஆண், இவர்களைப் பெற்றவர்களிடம் பேசிப் பேசித் தொண்டைத்தண்ணீர் வற்றிப்போனவள். அவள் மகனும் அப்படித்தான் என்பதால், பெற்ற வயிற்றின் பாடு அவளுக்கும் தெரியும்.

நிலாவும் செம்மொழியும் இரண்டு வருடமாகச் சென்னையில் ஒன்றாகக் குடியிருந்தவர்கள். 'அம்மாவுக்கு உடம்பு முடியலை' என்று போன மாதம் நிலாவை ஊருக்கு வரவழைத்தார்கள். வந்தவள் திரும்பவில்லை, போனும் அணைந்துவிட்டது. போலீசில் போய்ச் சொன்னால், "பெத்தவங்ககிட்டதானேம்மா இருக்கா?" என்று சிரித்தார்கள்.

கடைசியில் மதுரை ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடுவது என்று முடிவாயிற்று. நிலாவை நீதிபதி முன்னால் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு. கோர்ட்டு வாசலை மிதிக்குமுன் பெற்றவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்போமே என்று, முந்தாநாள் குந்தவைதான் இராஜாங்கத்துக்குப் போன் பண்ணினாள்.

நேற்று நிலாவின் போனிலிருந்தே செம்மொழிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கண்ணீர் அஞ்சலி.

"எப்படிங்க ஆச்சு?" என்று கேட்டாள் குந்தவை.

"என்னாங்க?"

கொல்லையில் டீசல் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்கிறதாம். துக்கத்தைக்கூடக் கத்திக் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"எப்படி ஆச்சுன்னு கேட்டேங்க!"

"உங்க போன் வந்துதே, அதுலதான் ஆரம்பிச்சுது. கோர்ட்டு கேசுன்னதும் வீட்டுல பெரிய சண்டை. ஓடிப்போயி குடமுருட்டியில விழுந்துட்டா. மேட்டூர் தண்ணி வர்ற வேகத்துல மதகுலதான் கெடச்சா. ஊருக்குக்கூடச் சொல்லலை, விடியறதுக்குள்ள எரிச்சிட்டோம்."

உங்க போன் வந்துதே! எல்லாம் தன்னால்தான் என்று குந்தவைக்குப் பட்டது. மேற்கொண்டு அவள் எதையும் துருவவில்லை. இது அவள் வந்து உட்காரும் மூன்றாவது சாவு வீடு. பாபநாசத்தில் ஒரு பையன், நாகப்பட்டினத்தில் ஒரு பெண். அங்கேயும் இப்படித்தான், ஊர் எட்டிப் பார்க்கவில்லை. அவசர அவசரமாகக் காரியத்தை முடித்திருந்தார்கள். என்னத்தைச் சங்கம் நடத்தி என்னத்தைக் காப்பாற்றினோம் என்று அவளுக்கு வெறுத்துப்போயிற்று.

நிலாவின் அம்மா வள்ளியம்மை அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. செம்மொழி ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, அவ ஊருக்குப் போகவா வேணாமான்னு என்கிட்டதாம்மா கேட்டா. அம்மாவுக்கு முடியலைன்னா போயிட்டு வாடின்னு நாந்தாம்மா பஸ் ஏத்திவிட்டேன்!"

வள்ளியம்மை வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அதில் பொய் ஒன்றுமில்லை, பெற்றவள் அழுகைதான். சட்டென்று காலை விடுவித்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அங்கே ஒரு தட்டில் சோற்றைப் போட்டுச் சாம்பாரை ஊற்றினாள். பிறகு அதில் கிடந்த கத்திரிக்காய்த் துண்டுகளை விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே வைத்தாள்.

கூடத்திலிருந்து அதைப் பார்த்த செம்மொழி வெடித்துவிட்டாள். "பாருங்கக்கா! கத்திரிக்கா அவளுக்கு ஆகாது, உதடெல்லாம் வீங்கிடும். படையல் போடும்போதுகூட மறக்காம எடுத்துடறாங்க பாருங்க!"

வள்ளியம்மையின் கை அப்படியே நின்றுவிட்டது. இராஜாங்கம் திரும்பி மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆமாம்மா, படையல்தான்" என்றார். பிறகு குந்தவையிடம், "அந்தக் கோர்ட்டு மனு..." என்று இழுத்தார்.

"இனிமே யாரைக் கொண்டாந்து நிறுத்தச் சொல்றதுங்க?" குந்தவை அங்கேயே வக்கீலுக்குப் போன் போட்டாள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "மனு வேணாம் சார். பொண்ணு போயிட்டா" என்று கத்தினாள்.

சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. செம்மொழி நிலாவின் படத்தை ஒருமுறை கையால் தடவினாள். குந்தவை அவளைத் தோளோடு அணைத்து நடத்திக்கொண்டு போனாள்.

இராஜாங்கம் வாசலிலேயே நின்றார். கும்பகோணம் பஸ் இருவரையும் ஏற்றிக்கொண்டு வளைவில் மறைந்த பிறகுதான் கொல்லைக்குப் போய் இன்ஜினை நிறுத்தினார்.

வள்ளியம்மை தட்டை எடுத்துக்கொண்டு மாலை போட்ட படத்தைத் தாண்டி நடந்தாள். கொல்லைக் கோடியில், நெல் மூட்டை அடுக்கும் அறையின் பூட்டைத் திறந்தாள்.

"சாப்புடு நிலா... இனிமே உன்னைத் தேடிக்கிட்டு யாரும் வரமாட்டாங்க."