மஸ்கட்டிலும் மணி அடிக்கணும்

"வாட்ஸ்அப் கீட்ஸ்அப் எல்லாம் பேசாத தம்பி. இந்த நம்பருக்கு யார் போட்டாலும் மஸ்கட்டுல என் கையில மணி அடிக்கணும். முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லு."

ஆரோக்கியசெல்வி போனைக் கண்ணாடி மேஜைமேல் டொக்கென்று வைத்தாள். போர்ட் பிளேர் பஜாரில் அவள் ஏறி இறங்கிய மொபைல் கடைகளில் முருகானந்தத்தின் கடை நாலாவது. முந்தின மூன்று பேரும் பாடிய பாட்டையே அவனும் பாடினான்.

"முடியும்க்கா. ஆனா எதுக்கு வீண் செலவு? அங்க போய் ஒரு சிம் வாங்குங்க. புது நம்பரை வேண்டியவங்களுக்கு எல்லாம் சொல்லிடுங்க. இது பாட்டுக்கு இது தூங்கட்டும்."

"யாருக்குன்னு சொல்ல? கூப்பிடுதவங்க பாதிப் பேரை எனக்கே தெரியாதே!"

இதென்னடா கூத்து என்று முருகானந்தம் அவளைப் பார்த்தான்.

மகள் ஜாக்குலினுக்கு மஸ்கட்டில் அடுத்த மாதம் பிரசவம். மூத்த பிள்ளைக்கே செல்வியால் போக முடியவில்லை. இந்தத் தடவையும் வராவிட்டால் இனிமேல் உன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று அழுதுவிட்டாள் மகள். பெற்ற வயிறு பற்றி எரியாதா? போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் இந்த போன் ஊமையாகிவிட்டால் என்ன கதி? மகளையும் விடுவதில்லை, போனையும் விடுவதில்லை என்ற முடிவோடுதான் கடை கடையாக ஏறிக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

"ஹலோ, கௌன்? ஷெல் ஐலண்டா? தமிழ்லயே சொல்லுங்க தம்பி... வலி எப்போ வந்துச்சு? பனிக்குடம் உடைஞ்சிருச்சா? பதறாதீங்க, போட் ஜெட்டிக்குக் கூட்டிட்டு வாங்க. போட்டை நான் நிறுத்தச் சொல்லுதேன்."

வைத்த கையோடு இன்னொரு எண்ணை அழுத்தினாள்.

"காத்தமுத்து அண்ணே, போட்டை எடுத்துட்டீங்களா? எடுக்காதீங்க. பிள்ளைத்தாச்சி ஒண்ணு வந்துட்டிருக்கு, ரங்கத் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

எஞ்சின் சத்தத்தை மீறி அவர் போட்ட கூச்சல் முருகானந்தம் வரைக்கும் கேட்டது. "நீங்க சொன்னா சரி மேடம்! அந்தப் பொண்ணு ஏறாம போட் நகராது!"

மூச்சு விடுவதற்குள் அடுத்த போன். யாரோ பெங்காலிக்காரர். காற்று பலம், நாளைக்கு போட் ஓடாது, நாளை மறுநாள் வாங்க என்று இந்தியில் சொன்னாள்.

"கல் போட் நஹி சலேகா, தாதா. ஹவா பஹுத் தேஜ் ஹை. பர்சோ ஆவோ."

முருகானந்தம் எழுந்தே நின்றுவிட்டான். அக்கா ஒரே நொடியில் மேடம் ஆகிவிட்டாள்.

"போட் ஆபீஸ்னு முன்னாடியே சொல்லக் கூடாதா மேடம்? உக்காருங்க. டீ சொல்லவா?"

"உக்கார நேரம் இல்ல. நீ சோலியைப் பாரு."

"பார்த்துட்டேதான் இருக்கேன். கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. நீங்க லீவுல போனா வேற யாராவது எடுக்க மாட்டாங்களா?"

"எவன் எடுக்கான்? அது பாட்டுக்கு அடிச்சு ஓயும். பிள்ளைத்தாச்சி ஜெட்டியில கிடப்பா. போட் அது பாட்டுக்குப் போயிரும்."

"அதுவும் சரிதான். ஆனா அங்க நேரம் நம்மளுக்குப் பின்னாடி மேடம். இங்க விடியக்காலை போட்டுக்குக் கேட்டாங்கன்னா உங்களை அர்த்த ராத்திரியில எழுப்புவாங்க."

"எழுப்பட்டுமே. பிள்ளை பெத்த வீட்டுல எவ தூங்குதா?"

முருகானந்தம் வெளிநாட்டு ரோமிங் பேக்கைப் போட்டான். போனை அவள் பக்கம் திருப்பி, எங்கே தட்ட வேண்டும் என்று இரண்டு தடவை காட்டினான்.

"அங்க இறங்கினதும் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அந்த ஊர் சிம்மை ரெண்டாவது பொந்துல போடுங்க. இந்த சிம்மை மட்டும் யார் சொன்னாலும் கழட்டாதீங்க. வர்ற ஒவ்வொரு காலுக்கும் காசு பிடிப்பான், பில்லை மறக்காம ஆபீஸ்ல குடுத்துப் பணத்தை வாங்கிக்கிடுங்க."

"நல்லா சிரிப்பு காட்டுத தம்பி நீ!"

மறுபடியும் போன். காத்தமுத்து. அந்தப் பெண் ஏறிவிட்டாளாம், போட் கிளம்பிவிட்டதாம். "மாதாவே!" என்று செல்வி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, இனி மஸ்கட் என்ன, நிலாவுக்கே போகலாம் என்கிற தெம்போடு போனைப் பைக்குள் போட்டாள்.

முருகானந்தத்துக்கு மனசு நிறைந்துவிட்டது.

"உங்களை மாதிரி ஒரு ஆபீசரை நான் பார்த்ததே இல்ல மேடம். என்ன போஸ்ட்ல இருக்கீங்க?"

"அக்கான்னே கூப்பிடு. நான் எந்த ஆபீசுலயும் இல்லப்பா. மீன் மார்க்கெட் பக்கம் இட்லிக்கடை வச்சிருக்கேன். ஷெல் ஐலண்ட் ஜெட்டிச் சுவத்துல போட் ஆபீஸ் நம்பரை எழுதினவன் ஒரு எண்ணை மாத்தி எழுதிட்டான். அது என் நம்பராப் போச்சு."

முருகானந்தம் வாயைப் பிளந்தான். "அடக் கடவுளே! அதை அழிச்சுட்டுச் சரியா எழுதச் சொல்றதுதானேக்கா?"

"எழுதினாங்களே, ரெண்டு தடவை! சரியான நம்பர்ல ஒருத்தனும் எடுக்கலைன்னு ஊர்க்காரங்க அதைச் சுரண்டிட்டு, மறுபடியும் என் நம்பரையே எழுதி வச்சுட்டாங்க."