முப்பத்தேழு டிகிரி

பீர்த் தொட்டியில் கையை விட்டுச் சூடு பார்ப்பது என் மனைவி பிரிட்டாதான். "போதும்யா, கத்து" என்று கையை எடுப்பாள். நான் ஈஸ்ட்டை ஊற்றி, அது விழித்துக்கொள்ளட்டும் என்று கத்துவேன். எங்கள் ஊர் வோஸ்ஸில் அதுதான் வழக்கம்.

அவள் செத்த பிறகு, அவளுடைய துக்க விருந்துக்கு பீர் காய்ச்ச, சூட்டைத் தானாகவே பார்த்துக்கொள்ளும் கருவி வாங்கி முப்பத்தொன்பது டிகிரியில் வைத்தேன். அது முப்பத்தேழிலேயே நின்றது.

"மனுஷ உடம்புச் சூடுல்ல காட்டுது!" என்று சிரித்தான் பக்கத்து வீட்டு ஓட்வார். "கல்லு உடைக்கிறவனுக்கு எதுக்குடா கம்பி மாட்டுற வேலை?"

கருவியின் சூடு பார்க்கும் கம்பியைத் தொட்டியிலிருந்து எடுத்து வாசல் பனியில் செருகினோம். முப்பத்தேழு. ஓட்வார் தொப்பியைக் கழற்றினான்.

கம்பியைத் துடைத்து மறுபடி தொட்டிக்குள் விட்டேன்.

"சனிக்கிழமை ஊரே வருதுடா. ஊத்திட்டுக் கத்து," என்றான் மெதுவாக.

ஈஸ்ட் ஜாடியோடு நின்றுகொண்டே இருந்தேன். அவள் இன்னும் கையை எடுக்கவில்லை.