காதுக்கும் ஒரு மூடி

கடை வாசலில் ரம்பம் உறுமியதும் தென்காசித் தெருவே திரும்பிப் பார்த்தது. சமீனா மெஷினை அணைத்தாள். மரம் அறுக்கும் ரம்பம் ஒன்றாவது விற்றால்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்த முதலாளி, கல்லாவிலிருந்து கவனித்துக்கொண்டிருந்தார். வந்திருந்தவர் குற்றாலத்து லாட்ஜ் மேனேஜர் திருமலைக்குமார்.

"அண்ணாச்சி, அசந்தா ரம்பம் எகிறி மூஞ்சிக்கு நேரா வரும். வலை வச்ச ஹெல்மெட் இல்லாம தொடப்பிடாது."

"அதை எடுத்து வையி, தாயி."

"காலுக்கு இந்தக் கனத்த உறை. ரம்பத்துச் செயின் பட்டாலும் உள்ளேயிருக்க நாரு சுத்திப் பிடிச்சு நிறுத்திரும்."

"லேசுல கிழியாதுல்லா? அதையும் வையி. கையுறை?"

"இருக்கு. காதுக்கு மூடி வேணுமா?"

"காதுதான் ரொம்ப முக்கியம்" என்று பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடது காதைத் தடவிக்கொண்டார்.

எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தார். உயிர் மேல் இத்தனை அக்கறையுள்ள மரவெட்டியைச் சமீனா கண்டதேயில்லை. முதலாளியைப் பெருமையோடு ஒரு பார்வை பார்த்தாள்.

"பில் போட்டுரவா அண்ணாச்சி? ரம்பம் சின்னதா, பெருசா?"

"ரம்பம் எனக்கு எதுக்கு?"

"பின்ன மரத்த எதை வச்சு அறுப்பீக?"

திருமலைக்குமார் முகவலையை மெல்ல உயர்த்தினார்.

"மரத்த யாரு அறுக்கா? லாட்ஜ் மொட்டை மாடியில காயுத பெட்ஷீட்டை எடுக்கப் போனா, இந்தக் குரங்குக விட மாட்டேங்குது தாயி."